கிடங்கில் காணாமல் போன கோழி

கூலாயிலிருந்து செடெனாக் பக்கம் போகிறவர்கள் அந்தக் கட்டடங்களைக் கட்டாயம் பார்த்திருப்பீர்கள். சன்னல் இல்லாமல், பெரிய பெரிய பெட்டிகளை அடுக்கி வைத்ததுபோல் நிற்கும் கட்டடங்கள். நம் தாத்தா பாட்டிகள் பால்மரமும் எண்ணெய்ப்பனையுமாகப் பார்த்த வட்டாரம் அது. இன்று செடெனாக் தொழில்நுட்பப் பூங்கா ஒரு பக்கம், ஒய்.டி.எல். நிறுவனத்தின் தரவு மையப் பூங்கா இன்னொரு பக்கம். சிங்கப்பூர் 2019-இல் புதிய தரவு மையங்கள் கட்டுவதை நிறுத்தி வைத்து, 2022-இல்தான் மீண்டும் கதவைத் திறந்தது. அந்த இடைவெளியில் வந்த முதலீட்டில் பெரும்பகுதி பாலத்துக்கு இந்தப் பக்கம் ஜொகூரில் இறங்கியது. இவை குடிக்கும் தண்ணீரைப் பற்றியும் இழுக்கும் மின்சாரத்தைப் பற்றியும் நாளிதழ்களில் நிறைய எழுதுகிறார்கள். எழுத வேண்டியதுதான். ஆனால் நான் எழுத வந்தது வேறு. இப்படிப்பட்ட கட்டடங்களுக்குள் ஓடும் ஒரு சேவையைக் காசு கொடுத்தும் கொடுக்காமலும் பயன்படுத்திப் பார்த்த ஒரு மாணவனின் கருத்து இது.

நம் கழகத்தின் சென்ற ஆண்டு ஒன்றுகூடலில் முதலாம் ஆண்டுத் தம்பி ஒருவர் என்னிடம் கேட்டார்: "அண்ணா, ஸ்னோஃபிளேக் படிக்கவா, பிக்குவெரி படிக்கவா? வேலைக்கு எது நல்லது?" பக்கத்தில் நின்ற முன்னாள் மாணவர்கள் ஆளுக்கொரு பதில் சொன்னார்கள். ஒருவர் தம் நிறுவனத்தில் இருப்பதைச் சொன்னார். இன்னொருவர் "எது வேகமோ அது" என்றார். எனக்கு அந்த இரண்டு பதிலும் பிடிக்கவில்லை. அப்போது சரியாகச் சொல்லத் தெரியவில்லை. இப்போது சொல்லிப் பார்க்கிறேன்.

கணினித் துறை சாராத நண்பர்களுக்காக முதலில் ஒரு விளக்கம். மளிகைக் கடையில் கல்லாப்பெட்டி ஒன்று இருக்கும், வருடக் கணக்கு நோட்டு ஒன்று இருக்கும். கல்லாவில் நிமிடத்துக்கு நிமிடம் காசு வரும், போகும். அங்கே போய், "மூன்று வருடமாகத் தீபாவளிக்கு முந்திய வாரத்தில் வெங்காயம் என்ன விலைக்குப் போனது?" என்று கேட்டால் கடைக்காரர் அடிக்க வருவார். அந்தக் கேள்விக்கு நோட்டைத்தான் புரட்ட வேண்டும். தரவுக் கிடங்கு என்பது அந்த நோட்டு. அதில் தகவலை நிரை நிரையாகச் சேர்த்து வைக்காமல் நிரல் நிரலாகச் சேர்த்து வைப்பார்கள். அதாவது விலைகள் எல்லாம் ஓரிடத்தில், தேதிகள் எல்லாம் ஓரிடத்தில். விலையை மட்டும் கேட்டால் விலை நிரலை மட்டும் படித்தால் போதும். கோடிக்கணக்கான நிரைகளுக்குச் சில வினாடிகளில் பதில் வருவதற்கு இது முக்கியமான காரணம்.

இந்தக் கிடங்கை நாமே இயந்திரம் வாங்கிக் கட்டாமல் இணையம் வழி வாடகைக்கு எடுப்பதுதான் மேகத் தரவுக் கிடங்கு. கூகுளின் பிக்குவெரி 2010-இல் அறிவிக்கப்பட்டது. அமேசானின் ரெட்ஷிஃப்ட் 2012-இல் அறிவிக்கப்பட்டு 2013-இல் பொதுப் பயன்பாட்டுக்கு வந்தது. ஆரக்கிளில் வேலை பார்த்த இரண்டு பிரெஞ்சுக்காரர்களும் போலந்துக்காரர் ஒருவரும் சேர்ந்து 2012-இல் தொடங்கியது ஸ்னோஃபிளேக். டேட்டாபிரிக்ஸ் 2013-இல் பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தொடங்கியது. அது கொஞ்சம் வேறு வழியில் வந்து இன்று இதே சந்தையில் கடை விரித்திருக்கிறது.

வேகத்தைப் பற்றி முதலில் பேசி முடித்துவிடுகிறேன். 2021 நவம்பரில் டேட்டாபிரிக்ஸ் 100 டெராபைட் அளவிலான ஒரு பொதுச் சோதனையில் சாதனை படைத்ததாக அறிவித்தது. ஸ்னோஃபிளேக் மறுத்துப் பதில் எழுதியது. டேட்டாபிரிக்ஸ் மீண்டும் பதில் எழுதியது. இரண்டு தரப்பும் பொய் சொல்லவில்லை என்றே வைத்துக்கொள்வோம். நம்மில் யாரிடம் 100 டெராபைட் இருக்கிறது? என்னிடம் இருந்தது மடிக்கணினியின் ஓரத்தில் அடங்கிவிடும் தரவு. அந்த அளவில் எல்லாத் தளங்களும் நான் தேநீர்க் கோப்பையை எடுத்து வாயில் வைப்பதற்குள் பதில் சொல்லிவிட்டன. ஆகவே வேகத்தை வைத்துத் தளத்தைத் தேர்ந்தெடுப்பது, ஸ்கூடாயிலிருந்து தாமான் யுனிவர்சிட்டிக்குப் போக எந்தப் பந்தயக் கார் நல்லது என்று கேட்பதைப் போன்றது.

அப்படியானால் எதைப் பார்ப்பது? என் அனுபவத்தில் இரண்டைத்தான் பார்க்க வேண்டும். செலவை எனக்கு எப்போது சொல்கிறது என்பது ஒன்று. என் எழுத்தை என்னவாக எண்ணுகிறது என்பது மற்றொன்று. இரண்டாவதைப் பற்றி எந்த ஒப்பீட்டுக் கட்டுரையும் எழுதி நான் பார்த்ததில்லை. அதனால்தான் இதை நம் கழக இதழில் எழுதுகிறேன்.

என் இறுதியாண்டுத் திட்டம் எளிமையானது. உள்நாட்டு வாணிப, வாழ்க்கைச் செலவின அமைச்சின் பிரைஸ்கேட்சர் திட்டத்தில் நாடு முழுவதும் கடைகளிலும் சந்தைகளிலும் பொருள் விலைகளைத் திரட்டுகிறார்கள். அந்தத் தரவு 2022 தொடங்கி மாதம் ஒரு கோப்பாக அரசாங்கத்தின் திறந்த தரவுத் தளத்தில் கிடைக்கிறது. தேதி, கடையின் எண், பொருளின் எண், விலை என நான்கே நிரல்கள். கடைகளின் பட்டியலும் பொருள்களின் பட்டியலும் தனி. பொருளின் பெயர்கள் மலாயில் இருக்கும். அந்தப் பெயர்களைத் தமிழாக்கி, ஜொகூர் கடைகளின் விலையை மட்டும் பிரித்து, தமிழ்ப்பள்ளிப் பெற்றோரும் படிக்கும்படி காட்ட வேண்டும் என்பது என் ஆசை. குறிப்பாக, கோழிக்கான விலைக் கட்டுப்பாடும் உதவித்தொகையும் 2023 நவம்பர் 1-ஆம் தேதி நீக்கப்பட்டன அல்லவா? அதற்கு முன்னும் பின்னும் ஜொகூர் பாருவிலும் குளுவாங்கிலும் விலை எப்படி நடந்துகொண்டது என்று காட்டினால் மேற்பார்வையாளர் மகிழ்வார் என்று நினைத்தேன். இதே தரவை ஒன்றுக்கு மேற்பட்ட தளங்களில் ஏற்றிப் பார்த்தேன்.

செலவுக்கு வருகிறேன்.

பிக்குவெரியில் கட்டணம் நாம் படிக்கும் தரவின் அளவுக்கு. மாதத்துக்கு முதல் 1 டெராபைட் வரை இலவசம். அதற்குமேல் அமெரிக்க வட்டாரப் பட்டியல்படி 1 டெராபைட்டுக்கு 6.25 டாலர், வட்டாரத்துக்கு வட்டாரம் மாறும். இதில் நான் மெச்சுவது ஒன்று உண்டு. வினவலை எழுதி முடித்ததும், ஓட்டுவதற்கு முன்பே, "இதை ஓட்டினால் இத்தனை மெகாபைட் படிக்கப்படும்" என்று திரையின் ஓரத்தில் காட்டிவிடுகிறது. உணவகத்தில் உட்காருமுன் விலைப் பட்டியலைப் பார்ப்பதுபோல. ஓரளவுக்கு மேல் படிக்கும் வினவலை ஓடவே விடாதே என்றும் கட்டளையிடலாம். கடன்பற்று அட்டை இல்லாமலேயே இலவசப் பயிற்சிக் களத்தில் தொடங்கலாம் என்பது பி.டி.பி.டி.என். கடனில் படிக்கும் நமக்குச் சின்ன விஷயம் அன்று. ஆனால் அந்தக் களத்தில் அட்டவணைகள் 60 நாளில் தாமாக அழிந்துவிடும். ஒரு பருவம் முழுவதும் நீளும் திட்டத்துக்கு இது உதவாது, நாள்காட்டியில் குறித்து வைத்து மீண்டும் ஏற்ற வேண்டும். புதியவர்கள் ஏமாறும் இன்னோர் இடம்: "பத்து நிரை மட்டும் காட்டு" என்று எழுதினால் பத்து நிரைக்குத்தான் கணக்கு என்று நினைப்போம். அப்படியில்லை. சாதாரண அட்டவணையில், நாம் கேட்ட நிரல் முழுவதையும் அது படித்துவிட்டுப் பத்தைக் காட்டும். காசு முழு நிரலுக்கும்தான். எல்லா நிரலையும் கேட்கும் நட்சத்திரக் குறியைக் கைவிடுவதே முதல் சிக்கனம்.

ஸ்னோஃபிளேக்கில் கணக்கு வேறு. அங்கே படிக்கும் அளவுக்குக் காசு இல்லை. இயந்திரம் விழித்திருக்கும் நேரத்துக்குக் காசு. ஆகச் சிறிய இயந்திரம் ஒரு மணி நேரத்துக்கு 1 கிரெடிட் எடுக்கும், அடுத்த அளவு 2, அதற்கடுத்து 4, பிறகு 8 என இரட்டிப்பாகிக்கொண்டே போகும். வினாடிக் கணக்குத்தான். ஆனால் ஒவ்வொரு முறை எழுப்பும்போதும் குறைந்தது 60 வினாடிக்குப் பணம். இரண்டு வினாடி வேலைக்காக எழுப்பினாலும் ஒரு நிமிடத்துக்குக் கொடுக்க வேண்டும். புதியவருக்கு 30 நாளும் 400 டாலர் மதிப்புள்ள கிரெடிட்டும் சோதனைக்குக் கொடுக்கிறார்கள். இந்த முறையில் ஒரு நிம்மதியும் இருக்கிறது: வினவலை மோசமாக எழுதினால் பதில் தாமதமாகும், அதைக் கண்ணால் பார்த்துவிடலாம். தவறி ஓர் அட்டவணையை அழித்தால் "அழித்ததைத் திருப்பு" என்று ஒரு வரி எழுதினால் மறுநாளுக்குள் திரும்பி வரும். பிக்குவெரியிலும் பழைய நிலைக்குத் திரும்ப 7 நாள் அவகாசம் உண்டு, ஆனால் ஸ்னோஃபிளேக்கில் அந்தக் கட்டளை நினைவில் நிற்கும்படி எளிமையாக இருக்கிறது.

நேரத்துக்குப் பணம் என்னும் முறையில் நான் பட்ட பாடு ஒன்று உண்டு. எந்தத் தளம் என்று சொல்லப் போவதில்லை, ஏனென்றால் தவறு தளத்துடையது அன்று, என்னுடையது. பெரியது நல்லது என்று பெரிய இயந்திரத்தைத் தேர்ந்தெடுத்தேன். ஒவ்வொரு நிமிடமும் ஒரு சிறு வினவல் தானாக ஓடும்படி எழுதி வைத்தேன், திரையில் விலை புதுப்பித்துக்கொண்டே இருக்கட்டும் என்று. விலைத் தரவோ நாளுக்கு ஒருமுறைக்கு மேல் மாறுவதில்லை! வெள்ளிக்கிழமை மாலை பேருந்து ஏறி வீட்டுக்குப் போனேன். இயந்திரம் தூங்கலாம் என்று கண்ணை மூடும்போதெல்லாம் என் வினவல் போய் எழுப்பிக்கொண்டிருந்தது. ஞாயிறு இரவு திரும்பி வந்தபோது சோதனைக் கடன் தீர்ந்து கணக்கு முடங்கிக் கிடந்தது. திட்டத்தைப் படைக்க ஒன்பது நாள் இருந்தது. நல்லவேளை, அட்டை எண் கொடுக்கவில்லை. கொடுத்திருந்தால் இந்தக் கட்டுரை வேறு விதமாக இருந்திருக்கும். செலவுக்கு உச்ச வரம்பு வைக்கும் வசதி அங்கேயே இருந்தது. நான் தேடவில்லை.

ரெட்ஷிஃப்ட் இந்த மூன்றில் பழைய பாணி. தொடக்கத்தில் இயந்திரக் கொத்து ஒன்றை வாடகைக்கு எடுத்து, பயன்படுத்தினாலும் பயன்படுத்தாவிட்டாலும் மணிக்கணக்கில் கட்ட வேண்டியிருந்தது. 2022-இல் பயன்படுத்தும்போது மட்டும் கட்டும் முறை பொதுப் பயன்பாட்டுக்கு வந்தது. அதன் வேர் போஸ்ட்கிரெஸ் என்பதால் வகுப்பில் படித்த எஸ்.கியூ.எல். அப்படியே கைகொடுக்கிறது. ஆனால் தரவை எந்த இயந்திரத்துக்குப் பங்கு பிரிப்பது, எந்த வரிசையில் அடுக்குவது என்றெல்லாம் யோசிக்கும் பழக்கம் இன்னும் அதைச் சுற்றி இருக்கிறது. பலவற்றைத் தானே பார்த்துக்கொள்ளும் நிலைக்கு இப்போது வந்துவிட்டாலும், பக்கத்தில் அனுபவசாலி ஒருவர் இருந்தால் தேவலை என்று தோன்றும். ஏற்கெனவே அமேசானில் எல்லாவற்றையும் வைத்திருக்கும் நிறுவனத்துக்கு அது இயல்பான தேர்வு. தனி மாணவனுக்கு அன்று.

இனி எழுத்துக்கு வருவோம்.

தமிழ்ப்பள்ளியில் படித்தவர்களுக்கு ஒரு பயிற்சி மறந்திருக்காது. ஆசிரியை கரும்பலகையில் ஒரு சொல்லை எழுதி, "எத்தனை எழுத்து?" என்பார். உருளைக்கிழங்கு. உ, ரு, ளை, க், கி, ழ, ங், கு. எட்டு. இடைநிலைப் பள்ளிக்குப் போனபிறகு அந்தக் கேள்வியை யாரும் என்னிடம் கேட்டதில்லை. பத்தாண்டு கழித்துக் கிடங்கு கேட்டது.

பிக்குவெரியிடம் "உருளைக்கிழங்கு என்பதன் நீளம் என்ன?" என்றால் 14 என்கிறது. ஸ்னோஃபிளேக்கும் 14. யூனிகோடில் 'ரு' என்பது ர, அதன்பின் உகரக் குறி என இரண்டு. 'க்' என்பது க, அதன்பின் புள்ளி என இரண்டு. அப்படிக் கூட்டினால் 14. ரெட்ஷிஃப்டிடம் நீளம் கேட்டாலும் 14தான். ஆனால் எழுத்து நிரலுக்கு அளவு கொடுக்கும்போது அது எழுத்தை எண்ணுவதில்லை, பைட்டை எண்ணுகிறது. தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட். ஆக, உருளைக்கிழங்கு என்பது இலக்கணத்தில் 8, நீளத்தில் 14, இடத்தில் 42! 'தமிழ்' என்ற சொல்லே 3, 5, 15.

ஆங்கில எழுத்துக்கு 1 பைட் என்பதால் 30 என்று அளவு வைப்பவருக்கு 30 எழுத்து கிடைக்கும். நமக்குப் பத்துக் குறிதான். இது ரெட்ஷிஃப்டின் கையேட்டில் ஒளிவு மறைவு இல்லாமல் எழுதியிருக்கிறது, நான்தான் படிக்காமல் 30 என்று வைத்தேன். பெயர் நீண்டால் ஏற்றும்போது பிழை காட்டி நிறுத்திவிடும். அதுவே நல்லது. அவசரத்தில், "நீண்டதை வெட்டிக்கொள்" என்னும் விருப்பத்தைச் சேர்த்து ஓட்டினேன். பிழை மறைந்தது. முருங்கைக்காய் 'முருங்கைக்' என்று ஆனது, உருளைக்கிழங்கு 'உருளைக்கிழ' என்று ஆனது. இவற்றை உடனே கண்டுபிடித்துவிட்டோம். கத்தரிக்காயை மட்டும் நான்கு பேர் பார்த்தும் கண்டுபிடிக்கவில்லை. அது 'கத்தரிக்கா' என்று இருந்தது. நாம் வீட்டில் பேசுவதும் அப்படித்தானே!

ஆகவே தமிழ்ப் பெயர்களை வைத்து வேலை செய்கிறவர்களுக்குச் சொல்வேன்: ஸ்னோஃபிளேக்கில் அளவு எழுத்துக் குறியில், பிக்குவெரியில் அளவே கொடுக்க வேண்டியதில்லை. ரெட்ஷிஃப்டில் மட்டும் மூன்றால் பெருக்கிக்கொள்ளுங்கள். மாணவர் பெயர் பதிய இடம் ஒதுக்குகிறவர்கள் இதை மறந்தால், நம் பிள்ளைகளின் பெயர்கள்தாம் முதலில் வெட்டுப்படும்.

அகர வரிசையில் மூன்று தளங்களும் ஒரே குட்டையில் ஊறிய மட்டைகள். வழக்கமான அமைப்பில் வரிசைப்படுத்தச் சொன்னால் யூனிகோடு எண்களின் வரிசையில் அடுக்குகின்றன. அந்த எண் வரிசையில் 'ன' என்பது 'ந'வுக்கு அடுத்து உட்கார்ந்திருக்கிறது. நம் நெடுங்கணக்கிலோ 'ன' கடைசி. விளைவு: தேங்காய், தேயிலை, தேன் என்று வரவேண்டியது தேங்காய், தேன், தேயிலை என்று வரும். புள்ளியின் எண்ணும் உயிர்க்குறிகளின் எண்களுக்குப் பின்னால் இருப்பதால், அகராதியில் முன்னால் வரவேண்டிய 'பால்', 'பாலாடை'க்குப் பின்னால் போய் நிற்கும். தமிழ் படித்த பாட்டி ஒருவர் இந்தப் பட்டியலைப் பார்த்தால், "யாரப்பா இதை அடுக்கினது?" என்றுதான் கேட்பார். நான் ஒவ்வொரு பெயருக்கும் வரிசை எண்ணைத் தனி நிரலில் கணக்கிட்டு வைத்துச் சமாளித்தேன். முப்பது வரி நிரலாக்கம். பெரிய வித்தை ஒன்றுமில்லை.

இத்தனைக்குப் பிறகும் பெரிய அடி வேறிடத்தில் விழுந்தது.

பொருள்களின் தமிழ்ப் பெயர்ப் பட்டியலை நான் தட்டச்சு செய்தேன். எந்தப் பொருள் எந்த வகை (இறைச்சி, காய்கறி, மீன்) என்ற பட்டியலை என் நண்பர் தம் கணினியிலிருந்த பழைய கோப்பு ஒன்றிலிருந்து மாற்றிக் கொடுத்தார். இரண்டையும் தமிழ்ப் பெயரை வைத்து இணைத்தேன். பிழை எதுவும் வரவில்லை. வரைபடங்கள் அழகாக வந்தன. ஒத்திகையின்போது மேற்பார்வையாளர் கேட்டார்: "கோழி எங்கே?" தேடினேன். இறைச்சிப் பிரிவில் கோழி இல்லை. முட்டைக்கோஸ், தோசை மாவு, கொண்டைக்கடலை எதுவும் இல்லை. என் பட்டியலிலும் 'கோழி' இருந்தது. நண்பரின் பட்டியலிலும் 'கோழி' இருந்தது. இரண்டும் ஒன்றா என்று கேட்டால் கிடங்கு 'இல்லை' என்றது.

ஓகார உயிர்மெய்யின் குறியை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம். ஒரே குறியாக எழுதலாம், அல்லது ஏகாரக் கொம்பும் காலும் எனப் பிரித்து எழுதலாம். திரையில் இம்மியும் வேறுபாடு தெரியாது. கணினிக்கு அவை வெவ்வேறு சொற்கள். ஒகரத்துக்கும் ஔகாரத்துக்கும் இதே கதை. புதிய விசைப்பலகைகளில் தட்டச்சு செய்தால் பெரும்பாலும் ஒரே குறியாக வரும். பழைய குறியேற்றங்களிலிருந்து மாற்றிய கோப்புகளில் பிரிந்தும் கிடக்கும். 2001-இல் கோலாலம்பூரில் தமிழ் இணைய மாநாடு கூடியபோது நம்மவர்கள் குறியேற்றங்களைப் பற்றி விவாதித்ததைக் கேள்விப்பட்டு, 'இதற்கு இவ்வளவு விவாதமா?' என்று நான் நினைத்தது உண்டு. இனி நினைக்கமாட்டேன்.

மருந்து எளிது. எழுத்துகளை ஒரே வடிவுக்குக் கொண்டுவரும் நார்மலைஸ் என்னும் செயற்பாடு பிக்குவெரியிலேயே இருக்கிறது. இணைக்குமுன் இரு பக்கமும் அதைப் போட்டேன், கோழி திரும்பி வந்தது. ஸ்னோஃபிளேக்கில் பைத்தானில் சிறிய செயற்பாடு எழுதிச் சேர்த்துக்கொள்ளலாம். மேற்பார்வையாளர் இன்னொன்றும் சொன்னார்: "பொருளுக்கு எண் இருக்கும்போது பெயரை வைத்து ஏன் இணைத்தாய்?" அதற்கு என்னிடம் பதில் இல்லை. கிடங்கு எதுவானாலும் அந்தக் கேள்வி நியாயமானதுதான். ஆனால் ஒன்றை எண்ணிப் பாருங்கள். பிழை என்று சிவப்பில் எழுதி நின்றிருந்தால் அன்றே கண்டுபிடித்திருப்பேன். அமைதியாக ஒரு பொருளை விட்டுவிட்டுச் சராசரியை மட்டும் அழகாகக் காட்டினால் யார் கண்டுபிடிப்பார்? கோழி என்பதால் அவர் கண்ணில் பட்டது. கொண்டைக்கடலை மட்டும் போயிருந்தால் படைப்பு முடிந்து மதிப்பெண்ணும் வந்திருக்கும்.

இடம், சட்டம் பற்றிச் சுருக்கமாக. அமேசான் 2024 ஆகஸ்டில் மலேசியாவில் தன் வட்டாரத்தைத் திறந்தது, மைக்ரோசாப்ட் 2025 மேயில் திறந்தது. கூகுள் 2024 மேயில் சிலாங்கூரில் முதலீட்டை அறிவித்தது. என் வினவல்கள் சிங்கப்பூர் வட்டாரத்துக்குத்தான் போய் வந்தன. கூலாய்க் கட்டடங்களின் நிழலில் உட்கார்ந்துகொண்டு பாலத்துக்கு அந்தப் பக்கம் அனுப்பினேன்! நாட்டுப்பற்றை வைத்து இதைத் தீர்மானிக்க வேண்டியதில்லை, விலைத் தரவு ஊரறிந்தது. ஆனால் மாணவர் பெயர், அடையாள அட்டை எண், தொலைபேசி எண் என்று வரும்போது எந்த நாட்டில் வைக்கிறோம் என்பதைக் கேட்டே ஆக வேண்டும். தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2024-இல் திருத்தப்பட்டு, எல்லை தாண்டி அனுப்புவதற்கான விதிகள் 2025 ஏப்ரல் முதல் மாறியிருக்கின்றன. பூட்டும் நம் பொறுப்புதான். 2024-இல் ஸ்னோஃபிளேக் வாடிக்கையாளர்கள் ஏறக்குறைய 165 நிறுவனங்களின் கணக்குகள் ஆபத்துக்குள்ளானபோது, திருடப்பட்ட கடவுச்சொல்லும் இரண்டாம் கட்டச் சரிபார்ப்பு இல்லாததுமே வழிவிட்டன என்று புலனாய்வாளர்கள் சொன்னார்கள். கடவுச்சொல்லைக் குழுவுக்குள் வாட்ஸ்அப்பில் பகிர்ந்துகொள்ளும் நம் பழக்கத்தை இங்கே நினைவூட்டுகிறேன்.

கடன் தீர்ந்த அந்த ஒன்பது நாள் என்ன செய்தேன் என்று கேட்பீர்கள். மேகத்தை விட்டுக் கீழே இறங்கினேன். ஆம்ஸ்டர்டாம் ஆய்வு நிலையம் ஒன்றில் பிறந்த டக்டிபி என்னும் இலவச மென்பொருளை மடிக்கணினியில் நிறுவினேன். பிரைஸ்கேட்சர் கோப்புகள் பார்க்கெட் என்ற திறந்த வடிவில் கிடைப்பதால், ஏற்றி இறக்கும் வேலையே இல்லாமல் அப்படியே படித்தது. என் எஸ்.கியூ.எல். வரிகளில் மாற்ற வேண்டியிருந்தவை மிகச் சில. விடுதி அறையில், மின்விசிறிக் காற்றில், என் முழுத் திட்டமும் ஓடியது. மதிப்பீட்டாளர்கள் பார்த்தது அதைத்தான். என் அளவுத் தரவுக்கு மேகக் கிடங்கே தேவைப்படவில்லை என்பதை அன்று ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று. பலரும் ஒரே நேரத்தில் பயன்படுத்தும்போதும், தரவு மடிக்கணினியில் அடங்காதபோதும்தான் வாடகைக்குப் போக வேண்டும்.

தம்பியின் கேள்விக்கு இப்போது பதில் சொல்கிறேன். கையில் காசில்லாமல் தொடங்குவதென்றால் பிக்குவெரி: செலவை முன்கூட்டிச் சொல்கிறது, நம் எழுத்துக்கு மருந்தும் வைத்திருக்கிறது. தொழிற்பயிற்சிக்குப் போகும் முன் ஸ்னோஃபிளேக்கின் 30 நாளைப் பயன்படுத்திக்கொள், ஆனால் ஆகச் சிறிய இயந்திரத்தோடு, உச்ச வரம்பை முதல் நாளே வைத்துவிட்டு. ரெட்ஷிஃப்டை நிறுவனம் கொடுத்தால் படி. பைத்தானில் ஊறியவனாக இருந்தால் டேட்டாபிரிக்ஸ் 2025-இல் தொடங்கிய இலவசப் பதிப்பையும் பார், நான் அதில் அதிகம் வேலை செய்யாததால் கூடுதலாகச் சொல்ல மாட்டேன். எதில் தொடங்கினாலும் எஸ்.கியூ.எல்.தான் கையில் நிற்கும்.

என் பொருள்களின் தமிழ்ப் பெயர்ப் பட்டியலை, பொருள் எண்ணோடும் அகர வரிசை எண்ணோடும், ஓகாரம் எல்லாம் ஒரே குறியாகத் திருத்தி, கழகச் செயலாளரிடம் கொடுத்திருக்கிறேன். அடுத்த ஆண்டு யாராவது இத்திட்டத்தைத் தொடரலாம். அதில் காய்கறிப் பகுதி முடிந்துவிட்டது. மீன் பகுதியில்தான் சண்டை. 'ஈக்கான் கெம்போங்' என்பதற்கு நான் 'அயிலை' என்று எழுதினேன், நண்பர் 'கானாங்கெளுத்தி' என்கிறார், என் அம்மா இரண்டையும் கேட்டுவிட்டு, "கெம்போங் மீனுக்கு என்ன?" என்கிறார். பத்து பகாட், மெர்சிங் பக்கத்து முன்னாள் மாணவர்கள் யாராவது சந்தையில் வழங்கும் பெயரை எழுதி அனுப்பினால் அந்தப் பகுதியையும் முடித்துவிடலாம்.